கேட்பவர் யார்? இஸ்லாமும் இசையும்

குர்ஆனை உருக்கமாக ஓதி முடித்த ஒரு காரியிடம் போய், "ரொம்ப நல்லாப் பாடினீங்க" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பார். ஓதுவது வேறு, பாடுவது வேறு என்று திருத்துவார். எகிப்தியப் பாணியில் பயின்றவராக இருந்தால், அதே மனிதருக்கு பயாத்தி, ரஸ்த், ஸபா, ஹிஜாஸ், நஹாவந்த் என்று அரபு இசையின் ராகங்களான மகாம்கள் எல்லாம் அத்துப்படி. பயாத்தியில் தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பார். மெல்ல மேலே ஏறுவார். மறுமை நாளின் கடுமையைச் சொல்லும் வசனத்தில் ஸபாவின் துயரத்துக்குள் போவார், நற்செய்தி வரும் இடத்தில் வேறொன்றுக்கு மாறுவார், கடைசியில் பயாத்திக்கே திரும்பி வந்து அமர்வார். ராகம் தெரிந்த எவருக்கும் இது என்ன வேலை என்று உடனே பிடிபட்டுவிடும். ஆனாலும் அதை இசை என்று சொல்லிவிடக் கூடாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். "இஸ்லாத்தில் இசை ஹராம் (விலக்கப்பட்டது)" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். "அதெல்லாம் பிற்காலத்து முல்லாக்கள் சொன்னது, சூஃபிகளைப் பாருங்கள்" என்று இன்னொரு வரியில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் விஷயத்தின் சுவாரசியமான பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறது. பதினான்கு நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்த விவாதத்தில், இசை மனிதனை அசைக்குமா என்பதில் யாருக்குமே சந்தேகம் இருந்ததில்லை. தடுத்தவர்களும் அனுமதித்தவர்களும் அதன் சக்தியை ஒரே அளவுக்கு நம்பியவர்கள்தான். அந்தச் சக்தியை யார், எப்போது, எந்த மனநிலையில் உள்ளே விடலாம் என்பதில்தான் சண்டை. பாடுபவரைவிடக் கேட்பவரைப் பற்றியே அதிகம் யோசித்த ஒரு மரபு இது.

முதலில் ஓதல். குர்ஆன் ஓதுவதற்கு தஜ்வீத் என்ற உச்சரிப்பு இலக்கணம் உண்டு. எந்த எழுத்து தொண்டையின் எந்தப் பகுதியிலிருந்து வர வேண்டும், எங்கே மூக்கொலி வேண்டும், எந்த நெடிலை இரண்டு மாத்திரை நீட்டுவது, எதை நான்கு, எதை ஆறு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. மகாம் இந்தக் கணக்குக்குள் அடங்கித்தான் வர முடியும். மெட்டு அழகாக விழுகிறதே என்று இரண்டு மாத்திரை நெடிலை ஐந்து மாத்திரைக்கு இழுத்தால் அது பிழை. வாத்தியத்துக்கு இடமே இல்லை. இந்த அத்தியாயத்துக்கு இந்த மெட்டு என்று முன்கூட்டியே அமைத்து வைப்பதையும் ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில், அந்த வசனத்தின் பொருளிலிருந்து எழுந்து வர வேண்டும். குரல் எவ்வளவு ஜொலித்தாலும் சொல்லுக்கு முன்னால் நடக்கக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குள்ளிருந்தே பெரிய கலைஞர்கள் வந்தார்கள். 1934 மே 31 அன்று எகிப்திய வானொலி தொடங்கியபோது அதில் ஒலித்த ஓதல் ஷேக் முஹம்மது ரிஃபத்துடையது. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். வானொலியில் ஓதலாமா, குடித்துக்கொண்டும் அரட்டையடித்துக்கொண்டும் இருக்கிறவர்களின் காதிலும் அது போய் விழுமே என்ற தயக்கம் அப்போது இருந்தது. கெய்ரோவின் அல்அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலையத்து அறிஞர்களிடம் கேட்டுக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார் என்பார்கள். அவருக்குப் பின் முஸ்தஃபா இஸ்மாயில் மகாம் விட்டு மகாம் தாவுவதில் பேர் வாங்கினார். அப்துல் பாஸித் ஒரே மூச்சில் வசனங்களைக் கோத்துக்கொண்டு போவதில் உலகப் புகழ் பெற்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் "அல்லாஹ்!" என்று ஆர்ப்பரிப்பதை அந்தக் காலத்துப் பதிவுகளில் கேட்கலாம். எதிர்த்திசையில் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி இருந்தார். அலங்காரமில்லாத சீரான 'முரத்தல்' பாணியில் 1961-இல் அவர் செய்த பதிவுதான் அந்தப் பாணியில் முழுக் குர்ஆனுக்கும் வந்த முதல் ஒலிப்பதிவு. கூட்டம் ஆர்ப்பரிக்கிறதே, அது வசனத்துக்கா குரலுக்கா என்ற சந்தேகம் சமுதாயத்துக்குள்ளேயே எப்போதும் இருந்துவந்திருக்கிறது. வளைகுடா நாடுகளில் முரத்தல்தான் செல்வாக்கோடு இருக்கிறது. காரணம் அந்தச் சந்தேகம்தான் என்று நினைக்கிறேன்.

எல்லை எங்கே ஓடுகிறது என்பதைக் காட்டும் வழக்கு ஒன்று லெபனானில் நடந்தது. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் கவிதை ஒன்றில் குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்து வசனம் ஒன்று வருகிறது. அதை லெபனானியப் பாடகர் மார்செல் கலீஃபே வாத்தியத்தோடு பாடினார். மத நிந்தனை என்று வழக்குப் போட்டார்கள். 1999 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதையில் அந்த வசனம் இருந்ததைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அது வாத்தியத்தோடு ஒலித்ததுதான் பிரச்சினை.

இந்த வேறுபாடுகளை ஒழுங்குபடுத்திக் காட்டியவர் லோயிஸ் லம்யா அல்ஃபாரூக்கி என்ற ஆய்வாளர். ஒலிக்கலைகளை அவர் ஓர் ஏணியாக வரைந்தார். உச்சியில் குர்ஆன் ஓதல். அதற்குக் கீழே பாங்கு, ஹஜ்ஜின் முழக்கங்கள், இறைப்புகழ்ப் பாக்கள். அப்புறம் குடும்பக் கொண்டாட்டப் பாடல்கள், தாலாட்டு, வேலைப் பாட்டு, போர்ப் பாட்டு. இவை வரை பெரிய தகராறு இல்லை. அதற்குக் கீழேதான் வாத்திய இசையும் அரங்குப் பாட்டும் சர்ச்சைக்குள் வருகின்றன. அடியில், மதுவோடும் காமத்தோடும் சேர்ந்த கேளிக்கை இசை. 'மூஸிகா' என்ற கிரேக்க வழிச் சொல் பொதுவாக ஏணியின் கீழ்ப்பாதிக்கு மட்டும்தான் பொருந்தும். நாம் எல்லாவற்றையும் 'இசை' என்ற ஒரே பையில் போட்டுவிட்டு ஹராமா ஹலாலா என்று கேட்பதால்தான் பதில் குழம்புகிறது.

சரி, மூல நூல்கள் என்ன சொல்கின்றன? குர்ஆன் இசையைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. 31-ஆவது அத்தியாயத்தின் 6-ஆவது வசனம், இறைவழியிலிருந்து மக்களைத் திருப்புவதற்காக 'வீண் பேச்சை' விலைக்கு வாங்குபவர்களைக் கண்டிக்கிறது. அது பாட்டைத்தான் குறிக்கிறது என்று நபித்தோழர் இப்னு மஸ்ஊத் ஆணையிட்டுச் சொன்னார். மக்காவில் நள்ரு பின் ஹாரிஸ் என்பவர் ருஸ்தம், இஸ்ஃபந்தியார் என்று பாரசீகக் கதைகளைச் சொல்லி மக்களின் கவனத்தைக் கலைத்ததைப் பற்றி இறங்கிய வசனம் என்றும் விளக்கம் உண்டு. ஆக, பெரும்பாலான சுமை ஹதீஸ்கள் மேல், அதாவது நபியின் சொல்லையும் செயலையும் பற்றிய அறிவிப்புகள் மேல் விழுகிறது.

தடை செய்பவர்களின் முதன்மைச் சான்று புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது: விபச்சாரம், பட்டு, மது, இசைக்கருவிகள் ஆகியவற்றை ஆகுமானவை என்று கருதும் கூட்டத்தினர் என் சமுதாயத்தில் தோன்றுவார்கள் என்ற நபிமொழி. இதன் அறிவிப்புத் தொடர் (யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற சங்கிலி) அறுந்தது என்றார் அந்தலூஸின், அதாவது முஸ்லிம் ஸ்பெயினின், அறிஞர் இப்னு ஹஸ்ம். இல்லை, தொடர் முழுமையானதே என்று பின்னாளில் ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் விரிவாக நிறுவினார். ஹதீஸ் கலைக்குள் இறங்கினால் ஆயிரம் பக்கம் ஓடும் விஷயம் இது. இங்கே அதை விட்டுவிடலாம்.

இன்னொரு ஹதீஸ்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பெருநாள். நபியின் மனைவி ஆயிஷா நாயகியின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு புஆஸ் போரைப் பற்றியது. இஸ்லாம் வருவதற்கு முன் மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலங்கள் தமக்குள் மோதிக்கொண்ட போர் அது. நபிகள் நாயகம் (ஸல்) உள்ளே வந்து, படுக்கையில் சாய்ந்து, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்கிறார்கள். பிறகு ஆயிஷாவின் தந்தை அபூபக்ர் வருகிறார். "இறைத்தூதரின் வீட்டிலேயே ஷைத்தானின் குழலா?" என்று மகளை அதட்டுகிறார். நபியவர்கள், "அவர்களை விடுங்கள் அபூபக்ரே, ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள்" என்கிறார்கள்.

அனுமதிப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பாட்டு நடந்தது, நபி கேட்டார்கள், தடுத்தவரைத் தடுத்தார்கள். மறுதரப்பு இதே காட்சியை வேறு மாதிரிப் படிக்கிறது. நபி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் அல்லவா? 'ஷைத்தானின் குழல்' என்று அபூபக்ர் சொன்ன பெயரை மறுக்கவில்லையே? பெருநாள் என்பதால்தானே விலக்குக் கொடுத்தார்கள்? போதாததற்கு ஆயிஷா நாயகியே அறிவிப்பில் ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார்: அந்தச் சிறுமிகள் தொழில்முறைப் பாடகிகள் அல்லர். இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கிறது. திருப்பிய முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கமும், "விடுங்கள்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கமும் இன்றுவரை வாதிடுகின்றன.

இதே இரட்டை வாசிப்பு இன்னொரு செய்தியிலும் உண்டு. நபித்தோழர் இப்னு உமர், போகும் வழியில் ஆட்டிடையன் ஊதும் குழலோசை கேட்டதும் காதில் விரலை வைத்துக்கொண்டு, வாகனத்தைப் பாதையை விட்டுத் திருப்பி, கூட வந்த நாஃபிஇடம் "இன்னும் கேட்கிறதா, இன்னும் கேட்கிறதா" என்று விசாரித்துக்கொண்டே போகிறார். நபியவர்கள் இப்படிச் செய்ததைத் தாம் பார்த்ததாகவும் சொல்கிறார். குழல் ஹராம் என்பதற்கு ஆதாரம் என்றது ஒரு தரப்பு. ஹராம் என்றால் நாஃபிஇன் காதையும் பொத்தச் சொல்லியிருக்க வேண்டாமா, இடையனை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டாமா என்றது மறு தரப்பு. நியாயமான கேள்விதான்.

நான்கு மத்ஹபுகளின் (சுன்னி சட்ட மரபுகளின்) பெரும்பான்மைக் கருத்து தடையின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மழுப்ப வேண்டியதில்லை. திருமணத்திலும் பெருநாளிலும் தஃப் என்ற கைப்பறை அடிக்கலாம். தந்தி வாத்தியமும் குழலும் கூடாது. இதுதான் சட்ட நூல்களின் பொதுவான நிலை. இதற்கு எதிராக நின்ற குரல்களும் சின்னக் குரல்கள் அல்ல. இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) வாதத்தை எண்ணத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். பாவத்துக்குத் துணையாகக் கேட்பவன் பாவி. மனத்துக்கு ஓய்வு கொடுத்து நற்செயலுக்குத் தெம்பு பெறக் கேட்பவன் நல்லடியான். இரண்டும் இல்லாமல் சும்மா கேட்பவன்? தன் தோட்டத்தில் உலாவப் போகிறவனையும் வீட்டு வாசலில் காற்று வாங்க உட்கார்ந்திருப்பவனையும் போல, அவன் மேல் குற்றமில்லை. இறுக்கமான சட்ட மொழிக்கு நடுவே இப்படி ஒரு வாசல்படி வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த விவாதத்தின் மிகப் பெரிய பக்கங்களை எழுதியவர் இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111). 'இஹ்யா' என்ற தம் பெருநூலில் இசை கேட்பதற்கும் அதனால் வரும் பரவசத்துக்கும் ஒரு முழு நூலையே ஒதுக்கியிருக்கிறார். அதில் ஒரு கதை. பாலைவனப் பயணி ஒருவர் ஒரு கூடாரத்தில் விருந்தாளியாகத் தங்குகிறார். உள்ளே ஓர் அடிமை விலங்கிடப்பட்டுக் கிடக்கிறான். வாசலில் ஒட்டகங்கள் செத்துக் கிடக்கின்றன. "இவனை மன்னித்து விடுங்கள், அதற்குப் பிறகுதான் சாப்பிடுவேன்" என்கிறார் விருந்தாளி. வீட்டுக்காரர் சொல்கிறார்: "இவன் என்னை ஏழையாக்கிவிட்டான். என் பிழைப்பே இந்த ஒட்டகங்களில்தான். இவனுக்கு நல்ல குரல். பெரும் சுமை ஏற்றிவிட்டு ஒட்டகப் பாட்டுப் பாடினான். மூன்று நாள் வழியை ஒரே இரவில் ஓடி வந்தன. சுமையை இறக்கியதும் ஒன்றைத் தவிர எல்லாம் விழுந்து செத்தன." மறுநாள் காலை விருந்தாளி அந்தக் குரலைக் கேட்க ஆசைப்படுகிறார். அவன் வாயைத் திறந்ததும் அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. விருந்தாளி முகம் குப்புற விழுகிறார்.

விலங்கையே இப்படி ஆட்டிவைப்பது மனிதனை விட்டுவிடுமா என்பது கஸ்ஸாலியின் கேள்வி. வசந்தமும் பூக்களும், ஊதும் அதன் நரம்புகளும் எவனை அசைக்கவில்லையோ அவன் இயல்பே கெட்டுப்போனவன், அவனுக்கு மருந்தில்லை என்றுகூட எழுதுகிறார். (இங்கே ஊது என்பது வாசனைக் கட்டை அல்ல, தந்தி வாத்தியம்.) ஆனால் கதையில் ஒட்டகங்கள் செத்துப்போகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. குரலின் அழகே ஆபத்தாகவும் இருக்கிறது.

அவருடைய மையக் கருத்து, முந்தைய சூஃபி அபூ சுலைமான் அத்தாரானியிடமிருந்து வருவது: இசை மனத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதைக் கிளறிவிடுகிறது. அப்படியென்றால் தீர்ப்பை எங்கே சொல்வது? பாட்டின் மேலா, கேட்பவன் மேலா? இறைக்காதல் நிறைந்தவனுக்கு அது நன்மை. ஆசையில் தத்தளிக்கும் இளைஞனுக்கு அதே பாட்டு தீமை. வெறுமனே இனிமைக்குக் கேட்பவனுக்கு ஆகுமானது, அதுவே பொழுதுக்கும் வேலை என்றாகிவிடாதவரை. குயில் பாடினால் ஹராம் இல்லை என்றால் தொண்டையிலிருந்து வரும் இனிய ஒலி மட்டும் எப்படி ஹராமாகும் என்று கேட்கிறார். அதே கையோடு, குடிகாரர்களின் சபைக்கு அடையாளமாகிப்போன தந்தி வாத்தியங்களையும் குழல்களையும் தடை செய்கிறார். அவற்றின் ஒலியில் குறை இருப்பதாக அவர் சொல்லவில்லை. அவை நினைவூட்டும் சூழல்தான் காரணம்.

தைரியமான இடம் அடுத்தது. குர்ஆன் இறைவனின் வாக்கு, கவிதை மனிதன் எழுதியது. அப்படியிருக்க சூஃபிகள் ஏன் காரிகளை விட்டுவிட்டுப் பாடகர்களைச் சுற்றிக் கூடுகிறார்கள்? கஸ்ஸாலி இந்தக் கேள்வியிலிருந்து நழுவவில்லை. ஏழு காரணங்கள் சொல்கிறார். குர்ஆனில் வாரிசுரிமையும் மணவிலக்கும் பேசும் வசனங்கள் உண்டு, அவை கேட்பவரின் அந்த நேரத்து மனநிலையோடு எப்போதும் பொருந்திவருவதில்லை. பலமுறை கேட்டது பழகிவிடுகிறது. கவிதையின் சந்தம் உடலைத் தொடுகிறது. ஒரு பாட்டு பிடிக்காவிட்டால் "வேறு பாடு" என்று சொல்லலாம், இறைவசனத்தை அப்படிச் சொல்ல முடியுமா? இதையெல்லாம் ஒரு மார்க்க அறிஞர் பதினொன்றாம் நூற்றாண்டிலேயே சாவகாசமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

இப்னு தைமிய்யாவும் (1263–1328) அவர் மாணவர் இப்னுல் கய்யிமும் குறிவைத்தது சரியாக இந்த இடத்தைத்தான். முதல் தலைமுறை முஸ்லிம்களுக்கு உருகுவதற்குக் குர்ஆன் போதுமாக இருந்தது, உங்களுக்கு மட்டும் ஏன் போதவில்லை? குர்ஆன் மேல் உள்ள காதலும் பாட்டு மேல் உள்ள காதலும் ஒரே நெஞ்சில் சேராது என்பது இப்னுல் கய்யிமின் கவிதை வரி. வறட்டு மனிதர் பேசும் பேச்சாக இது எனக்குத் தோன்றவில்லை. பாட்டு நெஞ்சில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தவர் பேசுவது.

சூஃபி மரபில் இசை கேட்கும் அமர்வுக்கு ஸமா என்று பெயர். ஜுனைத் பக்தாதி (இறப்பு 910) அதற்கு மூன்று தேவைகளைச் சொன்னார்: சரியான நேரம், சரியான இடம், சரியான கூட்டாளிகள். டில்லியின் நிஜாமுத்தீன் அவ்லியா (இறப்பு 1325) இதை இன்னும் இறுக்கினார். பாடுபவர் முதிர்ந்த ஆணாக இருக்க வேண்டும், கேட்பவர் இறைநினைவில் இருக்க வேண்டும், பாடப்படுவதில் ஆபாசம் கூடாது, தந்தி வாத்தியங்கள் கூடாது. இன்றைக்கு அவருடைய தர்காவிலேயே ஹார்மோனியமும் தபலாவும் இல்லாமல் கவ்வாலி கிடையாது. ஹார்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி என்பது கூடுதல் வேடிக்கை.

இந்த அமர்வுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சிஷ்தி மரபின் சூஃபி ஞானி குத்புத்தீன் பக்தியார் காக்கியின் மரணம் சாட்சி. 1235-இல் டில்லியில் ஒரு ஸமாவில் அஹ்மதே ஜாம் எழுதிய பாரசீக ஈரடி பாடப்பட்டது. சரணடைதல் என்னும் கத்தியால் வெட்டுண்டவர்களுக்கு ஒவ்வொரு கணமும் மறைவிலிருந்து புதிய உயிர் வருகிறது என்பது அதன் பொருள். அதைக் கேட்டுப் பரவசத்தில் விழுந்தவர் மீளவே இல்லை. சில நாட்கள் தொழுகை நேரத்தில் மட்டும் நினைவு திரும்பும், தொழுவார், மறுபடி அந்த ஈரடியைப் பாடச் சொல்வார், அப்படியே உயிர் பிரிந்தது என்று சிஷ்தி மரபு சொல்கிறது. தொழுகையை விடவில்லை என்ற குறிப்பைச் சொல்பவர்கள் ஒருபோதும் தவறவிடுவதில்லை, கவனியுங்கள். ஸமாவை ஷரீஅத்துக்கு வெளியே நிறுத்தப் பார்ப்பவர்களுக்கான பதில் அந்தக் குறிப்பில் இருக்கிறது.

நிஜாமுத்தீனின் வாழ்நாளிலேயே சுல்தான் கியாசுத்தீன் துக்ளக் மார்க்க அறிஞர்களான உலமாக்களைக் கூட்டி, ஸமா கூடுமா என்று விசாரணை வைத்தார். நிஜாமுத்தீன் ஹதீஸ்களை எடுத்து வைத்தார். உலமாக்களோ ஹனஃபி சட்ட அறிஞர்களின் கருத்தைக் காட்டச் சொன்னார்கள். நபியின் சொல்லைக் கேட்க மறுக்கும் ஊர் எப்படிப் பிழைக்கும் என்று அவர் பின்னர் நொந்துகொண்டாராம். ஸமாவுக்குத் தடை வரவில்லை.

எல்லா தரீக்காக்களும் (சூஃபி நெறிகளும்) இந்த வழியில் போகவில்லை. நக்ஷ்பந்திகள் ஓசையில்லாமல் நெஞ்சுக்குள் திக்ர் (இறைநினைவு) செய்பவர்கள். ஸமாவைப் பற்றி பஹாவுத்தீன் நக்ஷ்பந்த் சொன்னதாக ஒரு வாசகம் புழங்குகிறது: "நாங்கள் அதைச் செய்வதில்லை, மறுப்பதும் இல்லை." எதிர் முனையில், ஜலாலுத்தீன் ரூமியின் (1207–1273) வழிவந்த மெவ்லவிகள் நெய் என்ற நாணல் குழலையே வழிபாட்டின் நடுவில் வைத்தார்கள். அவர்களுடைய அமர்வில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு உண்டு. உயரமான தொப்பி கல்லறைக் கல், வெள்ளை அங்கி பிணத்துக்குப் போர்த்தும் கஃபன் துணி, மேலே போர்த்திய கறுப்பு அங்கி கல்லறை. கறுப்பைக் களைந்துவிட்டுச் சுழல ஆரம்பிக்கிறார்கள். வலது கை வானைப் பார்த்து, இடது கை மண்ணைப் பார்த்து. முடிவில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து குர்ஆன் ஓதப்படுகிறது. வாத்தியத்தை இவ்வளவு உயரத்தில் வைத்தவர்களும் கடைசி வார்த்தையை அதற்குக் கொடுக்கவில்லை. அனதோலியாவின் அலவிகள் இன்னும் ஒரு படி போய், தங்கள் ஸாஸ் வாத்தியத்தை 'தந்திக் குர்ஆன்' என்றே அழைக்கிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து அமரும் ஜெம் வழிபாடு அது இல்லாமல் நடக்காது.

வாத்தியமில்லாத பக்திப் பாட்டு இதைவிடப் பரவலானது, சண்டையும் குறைவு. பதிமூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் பூஸிரி எழுதிய புர்தா, நபிபுகழ்க் கவிதை, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தோனேசியா வரை ஆளுக்கொரு மெட்டில் ஓதப்படுகிறது. ஷியாக்களின் கர்பலா இரங்கற்பாக்களும், தமிழில் குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளும் அதே குடும்பம்தான்.

தத்துவ அறிஞர்களான ஃபாராபியும் இப்னு ஸீனாவும் இசையைக் கணிதத்தின் கிளையாக ஆராய்ந்தார்கள். 1488-இல் துருக்கியின் எடிர்னேயில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பயஸீத் கட்டிய மருத்துவமனையில் நோயாளிகளுக்காக வாரம் மூன்று முறை இசைக் கலைஞர்கள் வாசித்ததைப் பயணி எவ்லியா செலெபி எழுதிவைத்திருக்கிறார். சட்ட நூலில் தடை, மசூதி வளாகத்து மருத்துவமனையில் சிகிச்சை. ஒரே நாகரிகம், ஒரே காலம்.

அதிகாரம் கலந்த இடங்களில் கதை கசப்பாகிறது. பதினேழாம் நூற்றாண்டு இஸ்தான்புல்லில் காதிஸாதேலி என்ற சீர்திருத்தக் கூட்டம் செல்வாக்குப் பெற்று, 1666 முதல் 1684 வரை மெவ்லவிகளின் ஸமா தடைசெய்யப்பட்டது. 1925-இல் அதே மெவ்லவி மடங்களைத் துருக்கிக் குடியரசு இழுத்து மூடியது. இந்த முறை காரணம் மதச்சார்பின்மை. ஈரானில் 1979-இல் கொமெய்னி இசையை அபினியோடு ஒப்பிட்டு வானொலியிலிருந்து அகற்றச் சொன்னார். 1988-இல் அவரே நல்ல நோக்கத்துக்காக வாத்தியங்களை வாங்கலாம், விற்கலாம் என்று ஃபத்வா கொடுத்தார். இன்றும் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியில் இசை ஒலிக்கும், வாத்தியத்தைக் காட்டமாட்டார்கள். ஸேதார் என்ற பாரசீகத் தந்தி வாத்தியத்தின் ஒலி வரும்போது திரையில் பூவும் அருவியும் ஓடும்.

தாலிபான் முதல் ஆட்சியில் (1996–2001) சோதனைச் சாவடிகளில் பறிமுதல் செய்த கேசட் நாடாக்கள் மரங்களில் தொங்கின. அவர்களே வாத்தியமில்லாத தரானாப் பாடல்களை வெளியிட்டுக்கொண்டும் இருந்தார்கள். 2012-இல் வட மாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையையே தடை செய்தன. 2016-இல் கராச்சியில் கவ்வாலிப் பாடகர் அம்ஜத் ஸாப்ரி சுட்டுக் கொல்லப்பட்டார். 2017 பிப்ரவரியில் பாகிஸ்தானின் ஸெஹ்வான் தர்காவில் தமால் என்ற மாலை நேரப் பரவச நடனம் நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த நாளே அங்கே தமால் மறுபடி நடந்தது. இந்த வன்முறையை மத்ஹபு நூல்களின் தடையோடு ஒன்றாகப் பார்ப்பது தவறு. வாத்தியம் கூடாது என்று எழுதிய இமாம்கள் பாடகனைக் கொல்லச் சொல்லவில்லை. கருத்து வேறுபாட்டை இக்திலாஃப் என்று மதித்து வைத்திருந்த மரபு அது. துப்பாக்கிக்காரர்கள் மரபிலிருந்து தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனோடு சேர்ந்து வந்த தயக்கத்தை விட்டுவிட்டார்கள்.

தனிமனிதர்கள் இந்த விவாதத்தோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு யூசுஃப் இஸ்லாம் நல்ல உதாரணம். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் உச்சத்தில் இருந்தவர் 1977-இல் இஸ்லாத்தை ஏற்றார். 1979-இல் கித்தார்களை ஏலம் விட்டுப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார். பல ஆண்டுகள் தஃப் மட்டும் வைத்துக் குழந்தைகளுக்கான பாடல்கள் செய்தார். 2006-இல் கித்தாரோடு மறுபடி பாட வந்தார். நடுவில் மகன் வீட்டுக்குள் ஒரு கித்தாரைக் கொண்டுவந்ததும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் இடையில் மதத்தை விடவில்லை. மறுபடி படித்துப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார், அவ்வளவுதான். சட்ட அறிஞர்களிலும் இந்த நகர்வு உண்டு. அஸ்ஹரின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூதும், யூசுஃப் அல்கர்ளாவியும் பாடலின் பொருளுக்கும் சூழலுக்கும் நிபந்தனை வைத்து இசையை அனுமதித்தார்கள். முதல் தலைமுறையினரின் வழிக்கே திரும்ப வேண்டும் என்னும் அதே நூற்றாண்டின் ஸலஃபி அறிஞர்கள் பழைய தடையில் உறுதியாக நின்றார்கள். இசையை நெடுங்காலம் பொதுவெளியிலிருந்து விலக்கிவைத்திருந்த சவூதி அரேபியா 2020-இல் இசைக்கென்று அரசு ஆணையமே அமைத்தது.

சந்தை தன் பங்குக்கு ஒரு சமரசம் கண்டுபிடித்திருக்கிறது. மாஹிர் ஸைன் போன்ற நஷீத் (இஸ்லாமியப் பக்திப் பாட்டு) பாடகர்களின் ஆல்பங்கள் வாத்தியத்தோடு ஒன்று, குரலும் தாளமும் மட்டும் உள்ளது ஒன்று என்று இரண்டு வடிவங்களில் வருகின்றன. உங்கள் ஃபத்வா எதுவோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். தொழில்நுட்பம் போகிற போக்கில், குரலை மட்டும் அடுக்கடுக்காகச் சேர்த்து வாத்தியக் குழுவுக்கு நிகரான ஒலியைச் செய்துவிட முடிகிறது. வயலின் கூடாது, வயலின் மாதிரி ஒலிக்கும் குரல் கூடும் என்றால் தடை எதைக் காக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. சட்டத்தின் வரி வாத்தியத்தில் நிற்கிறது. கஸ்ஸாலியின் கேள்வி அதைத் தாண்டி, காதில் போட்டுக்கொண்டவரிடம் போய் நிற்கிறது.

ஜுனைதின் மூன்று தேவைகளும் காதொலிப்பானுக்கு முன் பொருளிழந்துவிட்டன. நேரம் எதுவாகவும் இருக்கலாம், இடம் பேருந்தாக இருக்கலாம், கூட்டாளி யாரும் வேண்டாம். கவ்வாலிக்கு மட்டும் வந்த நிலை இல்லை இது, ஓதலுக்கும் வந்துவிட்டது. 2010-இல் எகிப்தின் தலைமை முஃப்தி அலீ ஜும்ஆ, குர்ஆன் வசனங்களை செல்பேசி அழைப்பொலியாக வைக்கக் கூடாது என்று ஃபத்வா கொடுத்தார். அதில் குரலைப் பற்றியோ மகாமைப் பற்றியோ எந்தக் குறையும் சொல்லவில்லை. இறைவசனம் கேட்டுச் சிந்திப்பதற்கு உரியது, அழைப்பொலியாக வைத்தவர் பொத்தானை அழுத்தி அதைப் பாதியில் வெட்டிவிட்டு "ஹலோ" என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்.